பத்து கிலோவைத் தாங்கிய எலும்பு

செவ்வாய்க்கிழமை முற்பகல், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ஸ்கேன் உறையுடன்.

“கம்ப்யூட்டருல என் தொட எலும்ப அப்டியே செஞ்சி, அதும்மேல எடைய ஏத்திப் பாத்தாங்கமே. ஒடயல. வேலைக்குப் போலாம்னு டாக்டரு எழுதிக் குட்த்துட்டாரு.”

“உள்ள ஓட்டை கீதுன்னாங்களே?”

“கீது. ஆனா தாங்குதாம்.”

“எவ்ளோ எடைய ஏத்துனாங்க?”

“வேலைல இன்னா தூக்குறன்னு கேட்டாங்க. பத்து கிலோன்னேன்.”

“யோவ், நீ தூக்குறது முப்பது கிலோ இல்ல?”

“அத்த சொன்னா எழுதிக் குடுப்பாங்களா? இந்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு வருதுமே.”

அவள் மடியிலிருந்த ஸ்கேன் உறையைத் தட்டினாள்.

“கம்ப்யூட்டருகிட்டயே பொய் சொல்லிட்டு வந்துகிற. பத்து கிலோ தூக்குறவனுக்குத்தான்யா அந்தச் சீட்டு.”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“பேரு போய்டும்மே.”

“போவட்டும். எறங்கு. முப்பது கிலோவ ஏத்திப் பாக்கச் சொல்லலாம். ஒடஞ்சா கம்ப்யூட்டருலயே ஒடயட்டும்.”

திருக்கழுக்குன்றத்தில் இருவரும் இறங்கினார்கள். சாலையைக் கடந்து, செங்கல்பட்டு செல்லும் பேருந்துக்காக நின்றார்கள்.