பஸ்ஸில் பார்த்த பொருத்தம்

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் டியூசனுக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சன்னல் பக்கம் இருந்தவள் கைபேசியைப் பார்த்தபடி சொன்னாள்:

“உன்னை மாப்பிளையாப் போட்டுத்தானடி பாத்தனான்.”

அதற்குப் பிறகு கையிலிருந்த பேப்பர் எனக்கு எங்கே மண்டையில் ஏறுகிறது!

“என்னத்தைப் பாத்தனீ?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“பொருத்தம். அக்காவுக்குச் சாதகம் பாக்கவெண்டு அம்மா என்ரை போனிலை ஒரு ஆப் போடச் சொன்னவ. அக்காவுக்குப் பாத்து முடிய, எனக்கும் உனக்கும் பாத்தனான்.”

“விசரி! நான் பிறந்த நேரம் உனக்கு எப்பிடித் தெரியும்?”

“உங்கடை அம்மாட்டைக் கேட்டனான்.”

“ஏனெண்டு அவ கேக்கேல்லையோ?”

“ராசிபலன் பாக்க எண்டு சொன்னனான்.”

மற்றவள் சிரித்தாள். சன்னல் பக்கத்தவள் சிரிக்கவில்லை.

“பகிடிக்குத்தானே பாத்தனீ?”

“முதல் பகிடிக்குத்தான். பிறகு, பொருந்தாது எண்டு வந்திடுமோ எண்டு பயந்துபோனன். அதுக்குப் பிறகுதான் யோசிச்சனான், நான் ஏன் பயப்பிடுறன் எண்டு.”

“பொருந்திச்சுதோ?”

“ஓம்.”

பஸ் ஒரு தரிப்பில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பிறகு மற்றவள் கையை நீட்டினாள்.

“போனைத் தா.”

“அழிக்கப் போறியோ?”

“இல்லையடி. பொம்பிளையும் மாப்பிளையும் மாறினால் பொருத்தமும் மாறுமாம். இப்ப உன்னை மாப்பிளையாப் போட்டுப் பாப்பம். சொல்லு, நீ எத்தினை மணிக்குப் பிறந்தனீ?”