பன்னிரண்டு ஊரும் பச்சை

யுத்தம் முடிந்த வருஷம், கல்முனை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கந்தோர் அலுவலர்கள் இருவர். இளையவர் மூத்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“கரையோரத்துப் பன்னிரண்டு ஊருக்கும் நெட்வேர்க் பெட்டி இன்னும் வரல்ல காக்கா. ஆனா கம்பியூட்டர்ல எல்லா ஊரும் வேலை செய்யுதுண்டு பச்சை காட்டுது.”

“அதெப்பிடி தம்பி?”

“பெட்டியெல்லாத்தையும் கண்காணிக்கிற சொப்ட்வெயாரப் போட்டு, எல்லா ஊர்ப் பேருக்கும் எங்கட கந்தோர்ப் பெட்டிட நம்பரையே குடுத்தன். திறப்பு விழாவுக்குக் காசு குடுத்த வெள்ளக்காரச் சேர் வாறார், வேற என்ன செய்ய?”

“பிறகு?”

“விழாவில மைக்குக்கு பிளக் இல்லண்டு ஆரோ அந்தப் பெட்டிட வயரக் கழட்டிட்டான். கம்பியூட்டர்ல கரையோரம் முழுக்க ஒரேயடியாச் சிவப்பு. சேர் ‘திரும்பவும் சுனாமியா?’ண்டு எழும்பிட்டார்.”

“நீ உண்மையச் சொன்னியா?”

“எங்க சொல்ற? நானும் ஜன்னலால கடலத்தான் பார்த்தன்.”