ஃபிளாஸ்க் தண்ணி தீரும்வரை

மிர்த்தா: யோவ் ஓமர், அது என்ன மைக்கா? கையில புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்திருக்க... மாத்தே டீயைக் குடிச்சுட்டுக் குடுவையக் குடு. அடுத்தது என் முறை.

ஓமர்: ஸ்ஸ்... குடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

மிர்த்தா: எங்க? உதடே அசையல.

ஓமர்: முதல்ல சூட்டைக் கவனிக்கணும். அப்புறம் கசப்பைக் கவனிக்கணும். அப்புறம்...

மிர்த்தா: அப்புறம் மாத்தே ஆறிப் பச்சைத் தண்ணியாயிடும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உனக்கு ஊத்திக் குடுக்கறேன். ரெண்டே உறிஞ்சுல காலி பண்ணுவ. இப்ப என்னடான்னா குழந்தைக்கு மருந்து புகட்டற மாதிரி...

ஓமர்: கோவம் வருதா? வரட்டும். பாத்துக்கிட்டே இரு, தானாப் போயிடும்.

மிர்த்தா: என் கோவம் தானாப் போகாது. உன் தலையில ஏறி உக்காரும். பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?

ஓமர்: இருக்கே. இந்த ஃபிளாஸ்க் தண்ணி தீர்றவரைக்கும் நான் கத்தாம இருந்தா, வியாழக்கிழமை நீயும் என்கூட தியானத்துக்கு வரணும்.

மிர்த்தா: கத்தினா?

ஓமர்: நான் அங்க போறதையே நிறுத்தணும். அதெல்லாம் கத்த மாட்டேன். இந்தா குடுவை. நன்றி.

மிர்த்தா: ஆங்! நன்றின்னுட்ட!

ஓமர்: நன்றியுணர்வு பழகறேன்டி.

மிர்த்தா: நல்லாப் பழகு. மாத்தே குடிக்கறப்ப நன்றி சொன்னா, எனக்குப் போதும்னுதான் அர்த்தம். இனி உனக்குச் சொட்டு கிடையாது.

ஓமர்: அப்ப ஃபிளாஸ்க் எப்பத் தீரும்?

மிர்த்தா: நான் ஒருத்தியே குடிச்சா... பொழுது சாஞ்சுடும்.

ஓமர்: ஓ... சரி... பாத்தியா? கத்தலையே.

மிர்த்தா: அய்ய, மூஞ்சிய அப்படி வச்சுக்காத. பாவமா இருக்கு. இந்தா, புடி. எங்கக்கா கேக்கறா, உன் புருஷன் மதம் மாறிட்டானான்னு.

ஓமர்: மதமே இல்லன்னு எத்தனை தடவ சொல்றது? சாமி கிடையாது, மறுபிறவி கிடையாது, மணிகூட அடிக்கறதில்ல. புனித வாரத்துக்கே சுற்றுலா வாரம்னு பேர் வச்ச நாடு இது. புத்தரை மட்டும் சாமியாக்குவோமா? அவர் மனுஷன். மூச்சைக் கவனின்னு சொன்னார், கவனிக்கறோம்.

மிர்த்தா: உக்காந்து மூச்சைக் கவனிக்க ஒரு மரப் பலகை வேற. மாசக்கணக்கா இழைச்ச. சமையலறைக் கதவு கீல் ஒடஞ்சு தொங்குது, அதைத் தொட நேரமில்ல துரைக்கு.

ஓமர்: பலகை மேல எனக்குப் பற்று இல்ல மிர்த்தா. இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. எல்லாம் அப்படித்தான்.

மிர்த்தா: நிஜமாவா?

ஓமர்: நிஜமா.

மிர்த்தா: சரி... அப்ப ஒண்ணு சொல்றேன். என் தம்பி வில்சன் வந்திருக்கான். பின்பக்கம் இருக்கான்.

ஓமர்: வரட்டுமே. ஞாயித்துக்கிழமைன்னா கறி சுடுறது இருக்கே. சாப்பிடட்டும்.

மிர்த்தா: சாப்பிட இல்ல. உன் அடுப்புல தீ மூட்டிக்கிட்டிருக்கான்.

ஓமர்: மூச்சை... உள்ள இழுக்கறேன்.

மிர்த்தா: ஓமர்? இருக்கியா?

ஓமர்: இருக்கேன். மூச்சை... வெளிய விடறேன்.

மிர்த்தா: யோவ், உன் அடுப்பை எவனும் தொடக் கூடாதேய்யா! எங்கப்பா கரண்டியால ஒரு நெருப்புக் கங்கைத் தள்ளிவிட்டார்னு அவரோட பேசறதையே விட்டியே!

ஓமர்: அது பழைய ஓமர்.

மிர்த்தா: கறியக் கத்தியால குத்திக் குத்திப் பாக்கறான்.

ஓமர்: குத்தறது அவன். அந்த... அந்தக் குத்தறதை நான் சும்மா கவனிக்கறேன்.

மிர்த்தா: ரத்தம் பூரா கங்குல சொட்டுது.

ஓமர்: மிர்த்தா, இன்னொண்ணு ஊத்து.

மிர்த்தா: அடப்பாவி... நிஜமாவே மாறிட்டியா? நான் சும்மா நக்கலடிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு அந்த வியாழக்கிழமைதான்யா வயித்தெரிச்சல். சாயங்காலம் கடற்கரைல ரெண்டு பேரும் நாற்காலி போட்டு உக்காருவோம். இப்ப நான் மட்டும் உக்காந்து, எனக்கு நானே ஊத்தி, நானே குடிக்கறேன். போறவ வர்றவ எல்லாம் என்னைப் பரிதாபமாப் பாக்கறா. எனக்கு நீ இல்லாம அங்க பிடிக்கல.

ஓமர்: ஏய்... இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே.

மிர்த்தா: நீதான் சதா கண்ணை மூடிக்கிட்டிருக்கியே.

ஓமர்: சரி, நீ மனசத் தொறந்துட்ட. நானும் ஒரு உண்மை சொல்லிடறேன். சிரிக்கக் கூடாது.

மிர்த்தா: சொல்லு.

ஓமர்: வில்சனை வரச் சொல்லி நீ போன்ல பேசினது என் காதுல விழுந்துச்சு. நேத்தே விறகு அடுக்கு மேல குழாயத் திருப்பி விட்டுட்டேன். ஒரு கட்டை பாக்கியில்ல, எல்லாம் ஊறிக் கிடக்கு. உன் தம்பி பொழுதுக்கும் ஊதினாலும் பத்தாது. ஹிஹி...

மிர்த்தா: ஓஹோ... இதுதான் உன் நிதானமா!

ஓமர்: மூச்சும் கொஞ்சம் உதவுச்சு.

மிர்த்தா: அப்ப இந்தப் புகை வாசனை?

ஓமர்: பக்கத்து வீடு.

மிர்த்தா: அவங்க ஊருக்குப் போயிருக்காங்க.

ஓமர்: அப்ப... வில்சன் எப்படி...

மிர்த்தா: வில்சன் வரவே இல்ல. அவனுக்குக் காய்ச்சலாம். தீ மூட்டினது நான்.

ஓமர்: நீயா? என் அடுப்பையா? சரி... சரி... உள்ள இழு... வெளிய விடு... இரு, கட்டைதான் ஊறிக் கிடக்கே! எதைப் போட்டு மூட்டின?

மிர்த்தா: இன்னும் கொஞ்சம் உள்ள இழுத்துக்க. வீட்டுல காஞ்ச மரம்னு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. கோடாலியால பொளந்து, ஒவ்வொரு துண்டா, மூச்சைக் கவனிச்சுக்கிட்டே வச்சேன். நீ சொன்னது சரிதான்யா, மனசு அப்படியே லேசாயிடுச்சு.

ஓமர்: என் பலகையாஆஆஆ! அடியேய்! பாவி! யாரைக் கேட்டுடி எரிச்ச!

மிர்த்தா: கத்து ராசா, நல்லாக் கத்து. ஃபிளாஸ்க்ல இன்னும் ஒரு வாய் தண்ணி இருக்கு. வியாழக்கிழமை ரெண்டு நாற்காலியும் நீதான் தூக்கிட்டு வரணும். இந்தா, இதைக் குடிச்சுட்டு ஓடு, உன் அடுப்புல சோரிசோ சாஸேஜ் கருகுது.