வெட்டியெடுத்த கைதட்டல்

மாலை ஆறரை இருக்கும். அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் வரும் சாலை. இருபுறமும் வயல், ஆள் நடமாட்டமே இல்லை. ஓரமாக ஒரு கார் மட்டும் நின்றது...

பின்சீட்டில் சிவப்ரியா. முன்னால் கணவர் ராஜ்மோகன், மகள் விஷ்ணுப்ரியா. கோயிலுக்குப் போய்த் திரும்புகிறார்கள். மறுநாள் பரீட்சை. பெண்ணுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

"இரும்மா, அப்பா சரி பண்றேன்" என்று ராஜ்மோகன் போனை எடுத்தார்.

ஹிப்னாடிசம்தான் அவர் தொழில். ஊரில் அதை முதன்முதலில் ஆரம்பித்தவர் தலத்தெருக் கிழவர் இளையபெருமாள். பேசியே தூங்க வைப்பார். உள்ளங்கையில் நீலகிரித் தைலம் தேய்த்து ஒரே தட்டு... மோதிரங்கள் மோதி 'ணங்' என்று கேட்கும். கண் திறந்துவிடும். அவரிடம் உதவியாளராக இருந்த ராஜ்மோகன்தான், வரும் பெண்களிடம் கிழவர் தப்பாக நடக்கிறார் என்று கதை கட்டினார். ஊரார் வந்து கிழவரின் போர்டை உடைத்தார்கள். அவமானத்தில் சோறு இறங்காமலே கிழவர் செத்துப்போனார்.

ஆனால் ராஜ்மோகன் குரலுக்கு யாரும் தூங்கவில்லை. அதனால் கிழவரின் குரல்பதிவைத்தான் போட்டுவந்தார். கடைசியில் வரும் கைதட்டலை வெட்டிவிட்டு, தானே தட்டுவார். எழுப்பிய பெருமையாவது தனக்கு வேண்டுமே!

விஷ்ணுப்ரியா தூங்கினாள். நடுக்கம் நின்றது. ராஜ்மோகன் தட்டினார்.

கண் திறக்கவில்லை.

மறுபடி... மறுபடி... உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"பாப்பா, எழுந்திரும்மா!"

மூடிய கண்ணோடு அவள் சொன்னாள். "நீங்க தட்டினா எழுந்திருக்கக் கூடாதாம்ப்பா. அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு ஒத்துக்கணுமாம்."

கண்ணாடி ஏற்றிய காருக்குள் தைல வாசனை.

"தூக்கத்துல உளர்றா..."

"சொல்லித் தொலைங்களேன்!" சிவப்ரியா கத்தினாள். "புள்ளயவிட உங்க மானம் பெருசா?"

"பொய்தான்... நான்தான் கட்டிவிட்டேன்."

ணங்.

சிவப்ரியாவுக்குப் பக்கத்தில். காலி சீட்டிலிருந்து.

விஷ்ணுப்ரியா கண் திறந்தாள். "ஏம்மா அழுவுற?"

ராஜ்மோகனின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. கண்கள் மூடியிருந்தன...

இன்றுவரை திறக்கவில்லை. ஊட்டினால் விழுங்குகிறார். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். போன வாரம், வேறு வழி தெரியாமல், சிவப்ரியா அந்தப் பதிவையே அவர் காதருகே போட்டாள். 'தூங்குங்க' என்றுதான் அதில் எப்போதும் வரும். அன்று வேறு வந்தது. தன் உதவியாளரைக் கிழவர் கூப்பிடும் அதே கனிவோடு...

"நல்லாத் தூங்கு தம்பி. எனக்கு அவசரமில்ல."