மூன்றாம் கருவிக்கு அப்பா போட்ட மதிப்பெண்

விழாத் தலைவராக வீற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை அவர்களே! என் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ‘எப்படித் தெரியும்?’ என்று சிவப்பு மையால் எழுதி எழுதியே என்னை இந்த மேடைவரை ஏற்றிவிட்ட அறிவியல் ஆசிரியை அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கலைந்த தலையைக் கையாலேயே ஒதுக்கிக்கொண்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தாலும் கதவோரம் நின்றே கேட்கும் தந்தைமார்களே! ஜன்னல் கட்டையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் என் வகுப்புத் தோழிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

அறிவியல் மன்றத்தார் எனக்கு அளித்த தலைப்பு: ‘புதிதாக வந்திருக்கும் கையடக்க மியூசிக் பிளேயர்களில் எது சிறந்தது?’ விண்வெளியைப் பற்றி ஒருத்தி பேசினாள். கடலின் ஆழத்தைப் பற்றி ஒருத்தி பேசினாள். இவள் பாட்டுப் பெட்டியைப் பற்றிப் பேச வந்துவிட்டாளே என்று நினைக்கிறீர்களா? ஜன்னல் பக்கம் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, மின்னணுச் சாமான்கள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்திருந்த மூன்று பிளேயர்களை ஒரு வாரத்துக்கு எனக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே எச்சரித்தார்: “ஒரு கீறல் விழுந்தாலும், அதுக்குப் பதிலா உன்னைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்கார வைப்பேன்.”

மூன்றுக்கும் நானே பெயர் வைத்தேன். முதலாவது குண்டுமணி. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. காதுக்குள் நுழையும் இரண்டு மொட்டுகள் அதற்குச் சொந்தம். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஐந்து மணிநேரம் பாடும். இரண்டாவது மகாராஜா. உள்ளங்கை நிறையக் கனம், இரு காதையும் மூடும் பெரிய ஹெட்போன். பாட்டுக் கோப்பைச் சுருக்காமல், எடுத்தது எடுத்தபடி ஒலிக்கும். வெளிச்சத்தத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். மூன்றாவது கன்னக்காரி. அது காதைத் தொடாது. காதுக்கு முன்னால், கன்னத்து எலும்பின்மேல் உட்கார்ந்து அதிரும். அந்த அதிர்வு எலும்பு வழியாக உள்ளே போய் ஒலியாகும். சாலையோரம் ஓடுகிறவர்களுக்கு ஏற்றது, காது திறந்தே இருக்கும், தண்ணீர் பட்டாலும் கெடாது என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். தண்ணீரில் சோதிக்க ஆசைதான். மாமா முகம் ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

சோதனைக்கு மூன்று ஒலிகளைப் பதிவு செய்தேன். நம் பள்ளி மணி. தகரக் கூரைமேல் மழை. மூன்றாவது, துணி மடிக்கும்போது என் அம்மா முணுமுணுக்கும் ராகம். அம்மா பாடகி அல்லர். சொல் கிடையாது, தாளம் கிடையாது. கை துணியை நீவும்போது மூச்சோடு சேர்ந்து வருவது அது. அவருக்குத் தெரியாமல்தான் எடுத்தேன்.

நடுவர்கள் ஐந்து பேர்: அம்மா, மாமா, பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, நான், என் அப்பா. விதிகளை நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்று பிளேயரிலும் ஒலியளவு சரிபாதியில் நிற்கும். பொத்தானை யாரும் தொடக்கூடாது. பத்துக்கு மதிப்பெண் போட்டு மடித்துத் தரவேண்டும். ஒருவர் மதிப்பெண்ணை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது.

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. பழுதான மோட்டார்களைச் சரிசெய்வது அவர் தொழில். மாடியில் எங்கள் வீடு, கீழே அவருடைய ஒர்க்‌ஷாப். எங்கள் தெருவில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘காதுக்காரர்’ என்று கேட்டால் கைபிடித்து அழைத்துவந்து விடுவார்கள். எந்த மோட்டாரில் என்ன கோளாறு என்று திறக்காமலே கேட்டுச் சொல்கிறவர். அப்படிப்பட்ட காது என் வீட்டிலேயே இருக்கும்போது எனக்கென்ன குறை? என் ஆராய்ச்சியின் மகுடமே அவர்தான் என்று நம்பினேன்.

காகிதங்களைப் பிரித்தேன். மகாராஜாவுக்கு எட்டும் ஒன்பதுமாகக் குவிந்திருந்தது. தையல்கார அக்கா மட்டும் ‘காது வேர்க்குது’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். குண்டுமணிக்கு ஏழு. கன்னக்காரிக்கு மூன்று, நான்கு. அடிநாதமே இல்லை, ஒலி மெலிந்து வருகிறது. ‘கன்னத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு’ என்பது அக்காவின் தீர்ப்பு. நால்வரும் ஒரே மாதிரி.

ஐந்தாவது காகிதம் அப்பாவுடையது. குண்டுமணிக்கு இரண்டு. மகாராஜாவுக்கு மூன்று. கன்னக்காரிக்கு ஒன்பது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. அளவுகோல் வைத்து, அப்பாவின் மூன்று மதிப்பெண்களின் குறுக்கே நேராக ஒரு கோடு கிழித்து, ‘தவறான பதிவு’ என்று எழுதினேன். வேலைக் களைப்பில் மாற்றிப் போட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். அவர் கன்னக்காரியை மட்டும் வெகுநேரம் கழற்றவில்லை என்பதை நான் பார்த்தேன். அம்மாவின் ராகம் வந்ததும் “இது எப்ப எடுத்தது?” என்று கேட்டதையும் கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை என்றதும், எழுந்துபோய்க் கை கழுவியதையும் பார்த்தேன். பார்த்தவற்றை எல்லாம் எழுதுகிற நான், அதை மட்டும் எழுதவில்லை.

பிளேயர்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்த மாமா, குறிப்பேட்டைப் புரட்டிவிட்டுக் கேலி செய்தார்: “உங்கப்பா கன்னத்தாலதான் கேக்கறாரு போல இருக்கு.” எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்கு நின்றுவிட்டது. கன்னத்தால் கேட்கிறவர் இருக்க முடியாதா?

மறுநாள் பள்ளி விட்டதும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வேறு இயந்திரம் எதுவும் ஓடவில்லை. அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் மோட்டாரின் அச்சை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் நீளத் திருப்புளி. அதன் நுனி மோட்டார் உடம்பின்மேல். அதன் பிடி, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின்மேல். கண் மூடியிருந்தது. பிறந்ததிலிருந்து நான் பார்த்து வரும் காட்சி. ஆனால் அன்றுதான் பார்த்தேன்.

“அப்பா” என்றேன். திரும்பவில்லை. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டேன். இரும்பு போல உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கமாகக் குனிந்து, மோட்டாரின் ஓரத்தைச் சுண்டுவிரல் நகத்தால் ஒரே ஒருமுறை கீறினேன். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“எப்ப வந்தே?”

“மூணு தடவை கூப்பிட்டேன்ப்பா. அது கேக்கலை. நகத்தால கீறினது மட்டும் கேட்டுச்சா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். ஊரே காதுக்காரன் என்கிறது, நீ இப்படிச் சொல்கிறாயே என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. அன்றைக்கு எப்போது எடுத்தது என்று ஏன் கேட்டீர்கள் என்றேன், அவர் முகத்துக்கு நேரே நின்று.

“இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து உங்கம்மா பாடறதையே விட்டுட்டான்னு நெனைச்சேன்மா. தோட்டம் இருந்த வீட்டை விட்டுட்டு, இந்த ரெண்டு ரூமுக்குக் கொண்டுவந்து வச்சேன்ல. அந்த வருத்தம்னு நெனைச்சேன். கேக்கவும் பயமா இருந்துச்சு.”

இரண்டு ஆண்டுகள், அவையோரே! ஒரு மனிதர் தன் மனைவியின் மௌனத்துக்குத் தானே காரணம் என்று எண்ணி, அந்தப் பாரத்தை இரண்டு ஆண்டுகள் படியேற்றி, படியிறக்கிச் சுமந்திருக்கிறார். அங்கே மௌனமே இல்லை. மாடியில் தினமும் ராகம் இருந்தது. கேட்கும் காதுதான் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. பகலெல்லாம் எலும்பால் கேட்டே பிழைத்தவருக்கு அது தெரியவே இல்லை. பாதி ஒலியளவில் வைத்த மகாராஜாவுக்கு மூன்றுதான் என்றால், எல்லாருக்கும் அவ்வளவுதான் கேட்கும் என்று நினைத்திருக்கிறார்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். மறுத்தார். அம்மாவிடமும் சொல்லாதே என்றார். “காது கேக்காதவன்கிட்ட யாரு மோட்டாரை நம்பி விடுவாங்க?” என்றார். வாக்குக் கொடுத்துவிட்டு மேலே வந்தேன்.

வந்தால், அம்மா தலையணை உறை மடித்துக்கொண்டிருக்கிறார், அதே ராகத்தோடு. சாமர்த்தியமாகக் கேட்பதாக எண்ணிக்கொண்டு, அப்பாவுக்கு உங்கள் ராகம் பிடிக்குமா என்று கேட்டேன்.

“முன்னெல்லாம் அடுத்த ரூம்லேர்ந்து குரல் வரும், அந்த எடத்தை இன்னொரு தடவைன்னு. இங்க வந்தப்புறம் கேக்கறதில்லை. அலுத்துப்போச்சு போல. பரவாயில்லை, வேலை அதிகம் மனுஷனுக்கு.”

சொல்லிவிட்டு உறையின் மூலையை நீவினார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. மறுபடி நீவினார்.

பாதி அவரிடம், பாதி இவரிடம். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்க முடியாமல் நான். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பள்ளி விடுமுறை. நடுப்பகலில் கீழே இறங்கிப் போனேன். அம்மாவிடம் சொல்லாதே என்றுதானே வாக்கு? அம்மா சொன்னதை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று யார் சொன்னது? சொன்னேன். இன்னொரு தடவை என்று நீங்கள் கேட்பதே இல்லையாம் அப்பா, உங்களுக்கு அலுத்துவிட்டது என்று அம்மா நினைக்கிறார் என்று, அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

மோட்டாரைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு எழுந்தார். கையைப் பாதி துடைத்தார். படியேறினார். நானும் பின்னால் போய் மேல்படியில் நின்றுகொண்டேன். அம்மா போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்தார். தம் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பை, அம்மாவின் நெற்றிப் பொட்டோடு சேர்த்து வைத்தார்.

“என்ன இது, கையெல்லாம் கிரீஸு. நான் என்ன உங்க மோட்டாரா?”

“பாடு.”

“பொண்ணு பாக்கறா, எந்திரிங்க.”

“பாடு. அந்த எடத்தை இன்னொரு தடவை.”

அம்மாவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. போர்வையைக் கீழே விட்டார். முணுமுணுத்தார். அப்பாவின் கண் மூடியது. பிளேயர் இல்லை, பொத்தான் இல்லை, சார்ஜ் ஏற்றும் கம்பி இல்லை. ஒரு தலை, இன்னொரு தலை. என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச்சிறந்த ஒலித்தரம் அதுதான் என்று இந்த மேடையில், இந்த அவையின்முன், அடித்துச் சொல்கிறேன்.

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். மடித்த துண்டால் அம்மா அவர் தோளில் ஒரு போடு போட்டார். “ரெண்டு வருஷம். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார். “நீயும்தான் கேக்கலை” என்றார் அப்பா. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் படியிறங்கிவிட்டேன்.

மறுநாளே அம்மா அவரை டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டார். டாக்டரம்மா இசைக்கவை என்ற இரு கிளை இரும்பைத் தட்டிக் காதருகே காட்டினார். கேட்கவில்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். கணீரென்று கேட்டது. “இதைத்தானே நான் தினமும் செய்யறேன்” என்று அப்பா வியந்தாராம். காதுக்குள் அதிரவேண்டிய ஒரு குட்டி எலும்பு இறுகிப்போயிருக்கிறது, சிறிய அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். “பேரிங் ஜாமாயிருக்கு, அவ்வளவுதானே டாக்டர்?” என்று கேட்டாராம். “அவ்வளவுதான். ஆனா நான் கிரீஸ் போட மாட்டேன்” என்றாராம் அவர். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குத் தங்கள் குரல் தங்களுக்கே உரக்கக் கேட்கும், அதனால் மெதுவாகப் பேசுவார்களாம். அப்பாவின் மென்மையான பேச்சை ஊரே புகழும். அம்மா உடனே கேட்டாராம்: “அதுல கொஞ்சம் நெசமான பொறுமையும் இருக்கும்ல டாக்டர்?”

வருகிற வாரம் சிகிச்சை. இதையெல்லாம் மேடையில் சொல்ல அப்பாவிடம் அனுமதி கேட்டேன். “சொல்லிக்கோ. மோட்டார் கொண்டு வர்றவங்க பயந்துடாத மாதிரி சொல்லு” என்றார். ஆகவே, அன்பர்களே, இந்த இரண்டு ஆண்டுகளில் அவர் சொன்ன ஒரு பழுதும் தவறியதில்லை. எலும்பு பொய் சொல்லாது. தைரியமாகக் கொண்டு வாருங்கள்.

இனி தீர்ப்பு. ஒலித்தரத்தில் சிறந்தது மகாராஜாதான். அதில் மாற்றமில்லை. சட்டைப் பைக்கு ஏற்றது குண்டுமணி. கன்னக்காரியின் ஒலி மெலிவுதான், என் அப்பாவுக்கு உதவியது என்பதற்காக நான் அதைக் கொழுகொழுவென்று காட்ட மாட்டேன். ஆனால் அப்பாவின் மதிப்பெண்மேல் கிழித்த கோட்டை அழித்துவிட்டேன். அழித்த இடத்தில் காகிதம் மெலிந்து போயிருக்கிறது. இருக்கட்டும். நால்வர் ஒன்று சொல்ல ஒருவர் வேறு சொன்னால், அவரை அடிப்பதா, அழைப்பதா? கோடு கிழிப்பதா, கிட்டப் போய்க் கேட்பதா? எந்தக் கருவி நன்றாகப் பாடுகிறது என்று ஆயிரம் அட்டவணை போடுங்கள். போடுமுன், பக்கத்தில் இருப்பவரை, பாசத்தில் இருப்பவரை, ‘உங்களுக்குக் கேட்கிறதா?’ என்று ஒரே ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்.

எனக்கு மேடை தந்த மன்றத்துக்கும், பிளேயர் தந்த மாமாவுக்கும், மதிப்பெண் போட்ட தையல்கார அக்காவுக்கும், மணி அடித்த பிறகும் எழாமல் இருக்கும் உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அப்பா நான்காவது வரிசையில் இருக்கிறார். என் பேச்சை முழுவதும் எழுதி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். நான் பேசப் பேச விரல் வைத்துப் படித்து வருகிறார். உங்களைப் பார்த்து நான் சேர்த்துச் சொன்ன இடங்களில் இரண்டு முறை வரி தவறிவிட்டது. அம்மா அவர் விரலைப் பிடித்துச் சரியான வரியில் வைத்தார். இப்போது கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்திருக்கிறார். அதில் இருப்பது ஒரே சொல். அதை அவரும் நானும் சேர்ந்து சொல்கிறோம்.

வணக்கம்.