மந்திரியின் தூக்கு

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்து ஆட்டையாம்பட்டியைத் தாண்டியபோது, என் முன் இருக்கையிலிருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்:

“மந்திரியத் தூக்குல போட்டப்ப நான் சந்தோசப்பட்டேனுங்க்கா. இப்ப நெஞ்சே அடைக்குது.”

திடுக்கிட்டு எட்டிப் பார்த்தேன். அவள் மடியில் தலையணை கனத்துக்கு ஒரு மாயாஜால நாவல், நான்காம் பாகம்.

“ஏங்கண்ணு, அவன் கெட்டவனில்லியா?”

“இல்லீங்க்கா! குட்டி ராசாவுக்குப் பால்ல விசம் கலக்கறது ராணிதானுங்க. பெத்த தாயி! மந்திரி அதக் கண்டுபுடிச்சிட்டாரு. உடனே அவரு மேலயே பழியப் போட்டுட்டா. மூணு பாகமா நான் அவ பேச்சத்தான் நம்புனேன்.”

“அரமனையில அத்தன மந்திரவாதிக இருக்கறாங்கன்னியே?”

“இருந்து என்னுங்க? நெருப்பக் கையில புடிக்கறாங்க, பொணத்தக்கூடப் பேச வெக்கறாங்க. ஒருத்தருக்கும் அந்த விசம் தெரியலீங்க்கா.”

“அப்பறமென்ன, செத்த மந்திரியவே பேச வெச்சுக் கேக்கறது?”

அந்தப் பெண் புத்தகத்தின் அட்டையைத் தடவினாள்.

“தூக்குல போடறதுக்கு முன்னால ராணி அவரு நாக்க அறுக்கச் சொன்னா. எதுக்குன்னு நான் அப்ப யோசிக்கவே இல்லீங்க்கா.”