சசிரேகா சுரண்டிய எருமை

வெள்ளைக் களிமண் பூசிய பலகையை வெயிலில் காயவைக்கக் கூடாது, மேடம். வெடித்துவிடும். நிழலில் உலர்த்தி, மேலே கறுப்பு மை அடித்து, ஊசியால் சுரண்டினால் அடியில் இருக்கும் வெள்ளை கோடாக வரும். மரத்தில் படம் செதுக்கி அச்சடித்த காலத்தில், வேலை சுலபமாகட்டும் என்று வெளிநாட்டில் கண்டுபிடித்த முறை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பல வருடமாக இதைச் செய்கிறேன்.

என் மனைவி சசிரேகா போன தை மாதம்தான் ஊசியைத் தொட்டாள். நான் கழித்துப் போட்ட பலகையில், எங்கள் எருமை ஏரியிலிருந்து நனைந்து ஏறி வருவதைச் சுரண்டியிருந்தாள். முதுகில் ஈரம் மின்னியது.

"சும்மா கிறுக்கிக்கினு இருந்தேங்க," என்றாள்.

சென்னைக் கண்காட்சிக்கு இருவர் படத்தையும் அனுப்பினேன். அவளுடையதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று சாயங்காலம் நான்தான் காபி போட்டேன்.

சித்திரையில், சுரண்டிய தூள் விழுந்து அவள் வலது கண் புண்ணானது. காஞ்சிபுரத்து டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், சீக்கிரம் ஆறிவிடும் என்றார். தினமும் என் மடியில் தலைவைத்துப் படுப்பாள். சொட்டை நானே விட்டேன்.

"ரொம்ப எரியுதுங்க. டாக்டராண்ட இன்னொரு தபா போலாமா?"

"மருந்து வேல செய்யுது. அப்டித்தான் எரியும்."

வலது கண்ணில் வெள்ளை படர்ந்தபோது, இடது கண்ணை வைத்துக்கொண்டு அடுத்த படத்தை ஆரம்பித்துவிட்டாள். பரவாமலிருக்க நல்ல கண்ணுக்கும் இரண்டு சொட்டு விட டாக்டர் சொன்னார் என்றேன். இமையை அவளே விரலால் பிரித்துக் காட்டினாள். அது சிவக்க நாளானது. நான் அவசரப்படவில்லை.

அவள் அண்ணன் வேதகிரி மருந்துப் புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது சரிதான். மருந்தைக் கொட்டிவிட்டு ஏரித் தண்ணீரை நிரப்பியது நான். இரண்டு கண்ணிலும் இனி பார்வை வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஆனாலும் அவளை நான் கைவிடவில்லை. தலை வாரிவிட்டேன், சோறு ஊட்டினேன். நேற்று, நீங்கள் வருவதற்கு முன், நான் புதிதாகச் சுரண்டிய பலகையை அவள் கையில் கொடுத்தேன். விரலால் மெதுவாகத் தடவினாள்.

"நல்லாக் கீதுங்க," என்றாள்.

படத்தைப் பற்றி சசிரேகா பொய் சொல்ல மாட்டாள், மேடம்.